விமானப் பதிவுக் குறியும் சிறு விமானத் துப்புரவும்

விமானப் பதிவுக் குறி என்பது ஒரு விமானம் எந்த நாட்டுப் பதிவேட்டில் இருக்கிறது, அந்தப் பதிவேட்டில் அது எந்த விமானம் என்பதை அதன் உடம்பிலேயே எழுதிக் காட்டும் எழுத்துத் தொடராகும். மலேசிய விமானங்களின் குறி 9எம் என்று தொடங்கும். சிறு கோட்டுக்குப் பின் மூன்று ரோமன் எழுத்துகள் வரும். கிள்ளானின் மேரு சாலையில் ஓடும் காரில் ‘பி’ என்ற முதலெழுத்து சிலாங்கூரைக் காட்டுவதுபோல், 9எம் நாட்டைக் காட்டுகிறது. காரின் எண் பலகை கழற்றி மாட்டக்கூடிய தனிப் பொருள். விமானத்திலோ குறி அதன் உடம்போடு சேர்ந்தது. அந்தக் குறி எந்நேரமும் சுத்தமாகவும் கண்ணுக்குத் தெரியும்படியும் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதியாதலால், விமானத்தைக் கழுவித் துடைப்பது அழகுக்கான வேலை மட்டுமன்று.

இந்த விதிகளுக்கு அடிப்படை 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டுப் பொது வான்போக்குவரத்து உடன்படிக்கை. பதிவு எந்த நாட்டிலோ, அந்த நாட்டுரிமையே விமானத்துக்கு உண்டு என்கிறது அதன் 17-ஆவது பிரிவு. ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவு செல்லாது என்பது 18-ஆவது பிரிவு. எல்லை தாண்டிப் பறக்கும் விமானம் தன் குறியைத் தாங்கியிருக்க வேண்டும் என்பது 20-ஆவது பிரிவு. எழுத்தின் உயரம், அகலம், இடம் முதலிய நுணுக்கங்களை உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பு சொல்கிறது. மலேசியாவில் பதிவேட்டைப் பேணுவது புத்ராஜெயாவில் இயங்கும் மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையம். பழைய பொது வான்போக்குவரத்துத் துறையின் இடத்தில் அது 2018 பிப்ரவரியில் அமைக்கப்பட்டது.

நாட்டு முன்னெழுத்துகள் வானொலி அழைப்புக் குறிகளுக்காகப் பகிர்ந்தளிக்கப்பட்ட வரிசைகளிலிருந்து பிறந்தவை. பிரிட்டிஷ் ஆட்சியில் சிங்கப்பூர் விமானங்களுக்கு விஆர்-எஸ், மலாயாவுக்கு விஆர்-ஆர், சரவாக்குக்கு விஆர்-டபிள்யூ, வடபோர்னியோவுக்கு விஆர்-ஓ என்ற முன்னெழுத்துகள் இருந்தன. 1947-இல் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்து மலாயன் ஏர்வேஸ் சேவையைத் தொடங்கிவைத்த ஏர்ஸ்பீட் கான்சல் விமானம் விஆர்-எஸ் வரிசையைச் சேர்ந்தது. விடுதலைக்குப் பின் 9எம் வந்தது. பிரிந்துபோன சிங்கப்பூர் 9வி-யைப் பெற்றது. 1972-இல் பிரியும்வரை மலேசிய–சிங்கப்பூர் விமான நிறுவனத்தின் அணியில் இரண்டு முன்னெழுத்துகளும் கலந்திருந்தன. இந்தியாவின் குறி விடி. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜே. ஆர். டி. டாட்டா அஞ்சல் மூட்டையோடு ஓட்டிவந்த பஸ் மாத் விமானம் விடி-ஏடிஎன். இலங்கையின் இன்றைய குறி 4ஆர்.

மூன்று எழுத்துகளால் 17,576 சேர்க்கைகள் அமையும். எல்லாவற்றையும் வழங்க முடியாது. ஆபத்து அழைப்பான எஸ்ஓஎஸ், அவசரக் குறிகளான பிஏஎன், எக்ஸ்எக்ஸ்எக்ஸ், டிடிடி, கியூவில் தொடங்கும் வானொலிச் சுருக்கங்கள் ஆகியவற்றோடு குழம்பக்கூடியவை விலக்கப்படுகின்றன. குறியே விமானத்தின் வானொலிப் பெயருமாகிறது. 9எம்-ஏபிசி என்று ஒரு விமானம் இருப்பதாகக் கொண்டால், விமானி முதல் அழைப்பில் ‘நைன் மைக் ஆல்ஃபா பிராவோ சார்லி’ என்பார். கட்டுப்பாட்டு அதிகாரி சுருக்கிய பிறகு ‘நைன் பிராவோ சார்லி’ போதும். மலேசிய அரச ஆகாயப் படையின் விமானங்கள் இந்தப் பதிவேட்டில் சேரா. அவை எம் என்ற எழுத்தில் தொடங்கும் தனி எண்களைத் தாங்கும்.

எழுத்துகள் அலங்காரமற்ற பெரிய ரோமன் எழுத்துகளாக, பின்னணியிலிருந்து தெளிவாக வேறுபடும் நிறத்தில் இருக்க வேண்டும். உடற்பகுதியின் இருபுறமும், அல்லது செங்குத்து வால்பரப்பில், உயரம் குறைந்தது 30 செ.மீ. இறக்கையில் 50 செ.மீ.; அங்கே குறி இடது இறக்கையின் அடிப்பரப்பில், எழுத்தின் தலை இறக்கையின் முன்விளிம்பை நோக்கியிருக்கும்படி எழுதப்படும். எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் இரு பங்கு, கோட்டின் தடிமன் ஆறில் ஒரு பங்கு, இடைவெளி அகலத்தில் கால் பங்குக்குக் குறையக் கூடாது. கணக்குப் போட்டால், 30 செ.மீ. எழுத்தில் 9எம்-ஏபிசி என்று எழுத ஏறக்குறைய 145 செ.மீ. நீளம் வேண்டும். செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானத்தின் ஒடுங்கிய பின்னுடலில் கோடுகளையும் பட்டைகளையும் வரைய நினைக்கும் உரிமையாளர் முதலில் இந்த இடத்தை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதை யோசிக்க முடியும்.

வெளியே எழுதிய குறி மாறக்கூடியது. ஆஸ்திரேலியாவின் விஎச் குறியோடு வாங்கிவந்த பழைய விமானம், அங்கே பதிவு நீக்கப்பட்ட பிறகே இங்கே 9எம் பெறும். தயாரிப்பாளரின் தொடர் எண் மட்டும் பிறப்பிலிருந்து இறுதிவரை ஒன்றே. குறி பொறித்த, தீயில் உருகாத உலோகத் தகடு ஒன்றும் முதன்மை வாசலருகே பொருத்தப்பட்டிருக்கும். 9எம்-எம்ஆர்ஓ என்ற குறியோடு பறந்து காணாமல்போன எம்எச்370 விமானத்தின் இறக்கைத் துண்டு 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் ஒதுங்கியபோது, அதில் பதிவுக் குறி எதுவும் இல்லை; உள்ளே இருந்த தயாரிப்பு எண்களே அடையாளம் காட்டின.

சிறு விமானங்களில் குறியை வண்ணத்தால் எழுதுவதும் உண்டு, வினைல் ஒட்டுத்தாளாக ஒட்டுவதும் உண்டு. பழைய ஒட்டுத்தாளை வெப்பக்காற்றால் இளக்கி, பிளாஸ்டிக் தகட்டால் உரிப்பதே முறை. சவரத் தகட்டைப் போட்டுச் சுரண்டினால் அலுமினியத் தகட்டின் மேலுள்ள மெல்லிய தூய அலுமினியப் படலம் கீறப்படும். அரிப்பும் வெடிப்பும் அந்தக் கீறலில் தொடங்கும். ஒட்டுத்தாளின் ஓரத்தில் அழுத்தி மெருகேற்றுவதும் அதைத் தூக்கிவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தட்பவெப்பம் விமானத்துக்கு இரக்கம் காட்டாதது. ஆண்டு முழுதும் ஈரம், மாலை இடிமழை, கடற்காற்றின் உப்பு, சில ஆண்டுகளில் புகைமூட்டம் கொண்டுவந்து படியவைக்கும் சாம்பல் என எல்லாம் உண்டு. சுபாங் சுல்தான் அப்துல் அஸிஸ் ஷா விமான நிலையத்தில் கொட்டகைக்கு வெளியே நிற்கும் விமானத்தில் வண்ணம் வெளுப்பது கண்ணுக்குத் தெரியும். வண்ணத்துக்கு அடியில் நூலிழைபோல ஊரும் அரிப்பு, கழுவித் துடைக்கும் கைக்குத்தான் முதலில் தட்டுப்படும்.

கழுவத் தொடங்குமுன் காற்றழுத்தத் துளைகளையும் வேகமானிக் குழாயையும் மூட வேண்டும். முடிந்ததும் மறக்காமல் திறக்க வேண்டும். இந்த வேலையில் இதைவிட முக்கியமானது எதுவுமில்லை. 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு 603, விமானத்தைத் துடைக்கும்போது அழுத்தத் துளைகள்மேல் ஒட்டிய நாடா அப்படியே விடப்பட்டதால் உயரமும் வேகமும் தெரியாமல் கடலில் விழுந்தது. 70 பேரும் மாண்டனர். 2018 ஜூலை 18 அன்று பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய மலேசிய ஏர்லைன்ஸ் ஏ330, குளவி கூடு கட்டாதிருக்கப் போட்ட குழாய் உறைகளோடே மேலேறி, வேகம் காட்டாத கருவிகளோடு திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. எனவே மூடும் நாடா கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்க வேண்டும். ஒளிபுகும் நாடா ஆகவே ஆகாது.

கழுவுவதற்கு மென்மையான சோப்பும் நிறையத் தண்ணீரும் போதும். உயர் அழுத்தக் குழாயைச் சக்கரத் தாங்கிகள், கீல்கள் பக்கம் காட்டினால் மசகு கழன்று நீர் புகும். வயிற்றுப் பகுதியில் படியும் கரும்புகையில், 100எல்எல் எரிபொருளிலிருந்து வந்த ஈயம் இருப்பதால் கையுறை அவசியம். அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார்க்க வேண்டும். முன்விளிம்பில் ஒட்டிய பூச்சிகளை அன்றன்றே ஈரத்துணியால் எடுப்பது எளிது. உந்துவிசிறியை அசைக்குமுன், தீப்பொறி தரும் மேக்னெட்டோ அணைந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும். அதன் விளிம்பில் கல் பட்ட வடு தென்பட்டால் துடைப்பதை நிறுத்திப் பொறியாளரிடம் காட்ட வேண்டும்.

சன்னல்கள் கண்ணாடியல்ல, அக்ரிலிக். வீட்டுக் கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவம், பெட்ரோல், அசிட்டோன் எல்லாம் அதில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட்டு, பிறகு மென்பருத்தித் துணியால் நேர்கோட்டில் துடைப்பார்கள். வட்டமாகத் தேய்த்த கீறல், மாலை வெயிலை எதிர்கொண்டு இறங்கும்போது விமானியின் கண்ணில் ஒளிவளையமாகக் கூசும்.

மெழுகு பூசுவதும் வண்ணம் பூசுவதும் ஒரே வகையல்ல. இறக்கைத் துடுப்புகள், ஏற்றத் துடுப்பு, திசைத் துடுப்பு ஆகியவை கீல்முனையைச் சுற்றி எடைச் சமன் செய்யப்பட்டவை. கீலுக்குப் பின்னால் கூடுதலாக ஒரு படலம் வண்ணம் ஏறினாலும் சமன் குலைந்து, வேகத்தில் துடுப்பு படபடத்து முறிந்துபோகும் ஆபத்து உண்டு. ஆகவே மறுவண்ணம் பூசிய துடுப்புகளின் சமநிலையை உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் சோதிக்கிறார். முழு விமானத்துக்கும் வண்ணம் மாற்றினால் அதை மறுபடி நிறுத்து, புதிய வெற்றெடையையும் ஈர்ப்பு மையத்தையும் விமானக் குறிப்பேட்டில் பதிகிறார்கள்.