கூலியும் பிணையும்: ஆயுதக் குழுக்களின் ஆள்சேர்ப்புப் பொருளியல்

சிரியாவுக்குள் எல்லை கடந்து வந்து ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்த வெளிநாட்டினர் ஒவ்வொருவருக்கும் 23 வினாக்கள் கொண்ட படிவம் ஒன்று நிரப்பப்பட்டது. தாயின் பெயர், இரத்த வகை, படிப்பு, முன்பு பார்த்த வேலை என்று நீளும் அப்படிவத்தில், இறந்த நாளையும் இடத்தையும் பின்னர் எழுதிக்கொள்ளவும் இடம் விட்டிருந்தார்கள். இடையில் ஒரு வினா: உனக்குப் பரிந்துரை செய்தவர் யார்? ஆள்சேர்ப்பின் பொருளியல் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வறுமைதான் தீவிரவாதத்தின் விளைநிலம் என்ற கருத்தைச் சான்றுகள் முழுமையாக ஆதரிக்கவில்லை. இப்படிவங்களில் ஏறத்தாழ 3,800ஐ ஆராய்ந்த உலக வங்கியின் 2016 அறிக்கைப்படி, 69 விழுக்காட்டினர் இடைநிலைக் கல்வியேனும் பெற்றவர்கள். உயிரிழந்த 129 ஹிஸ்புல்லா போராளிகளை ஆலன் குரூகரும் யிட்கா மலெச்கோவாவும் 2003இல் ஆராய்ந்தபோது, அவர்களில் ஏழைகள் 28 விழுக்காடு. ஒப்பிடத்தக்க லெபனான் மக்களிடையே 33.

ஊதியக் கணக்கும் இதையே காட்டுகிறது. ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் கைப்பற்றப்பட்ட 2005–06ஆம் ஆண்டு அல்கைதா ஆவணங்களை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்தது. உறுப்பினர் குடும்பத்துக்குக் கிடைத்தது ஆண்டுக்குச் சுமார் 1,300 டாலர். அங்குள்ள சராசரிக் குடும்ப வருமானமோ 6,000 டாலருக்கும் மேல். உயிராபத்து மிகுந்த வேலைக்கு இவ்வளவு குறைந்த கூலி ஏன்? கூலியை உயர்த்தினால் பணத்துக்காக வருபவர்கள் சேர்வார்கள். அதிகம் கொடுப்பவரிடம் அவர்கள் காட்டியும் கொடுப்பார்கள். குறைந்த கூலி ஒரு சல்லடை, பரிந்துரைப்பவர் பிணை. ஆனால் உறுப்பினர் இறந்தாலும் சிறைப்பட்டாலும் அவர் குடும்பத்துக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. குழு வாங்கியது உழைப்பை. ஈடாகக் கொடுத்தது காப்பீட்டை.

வறுமைக்குப் பங்கே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. லைபீரியாவில் முன்னாள் போராளிகளுக்கு வேளாண் பயிற்சியும் மூலதனமும் தந்த திட்டமொன்றை கிறிஸ்டோபர் பிளாட்மனும் ஜீனி அன்னனும் ஆராய்ந்தனர். அண்டை நாடான ஐவரி கோஸ்டில் 2011இல் போர் மூண்டு கூலிப்படைக்கு ஆள் தேடப்பட்டபோது, அடுத்த தவணை வரும் என்று காத்திருந்தவர்களே அந்த வலையில் குறைவாகச் சிக்கினர். கூலிக்கு ஆள்பிடிக்கும் குழுவிடம் வேலைவாய்ப்புத் திட்டம் பலிக்கும். பிணை கேட்டுச் சேர்க்கும் குழுவிடம் அது மட்டும் போதாது.

எனவே கொள்கை வகுப்போர் முதலில் கேட்க வேண்டியது, எதிரேயிருக்கும் குழு எவ்வகைப்பட்டது என்பதே. பிணையில் நிற்கும் குழுவை உடைக்கப் பரிந்துரைச் சங்கிலியைத் துலக்க வேண்டும். விலகி வருபவருக்கு உயிர்ப் பாதுகாப்பும் நியாயமான விசாரணையும் உறுதியாக வேண்டும். சிறைப்பட்டவரின் மனைவிக்கு ரேஷனும் பிள்ளைக்குப் பள்ளியும் அரசிடமிருந்தே கிடைக்க வேண்டும். குற்றம் செய்யாத குடும்பத்தின் வீட்டை இடிக்கும் அரசு, அக்குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பைக் குழுவிடமே ஒப்படைக்கிறது. அடுத்த படிவத்தில் பரிந்துரையாளராக எழுதப்படும் பெயர் அங்கிருந்துதான் வரும்.