எண்ணும் பெயரும்

நிலத்தை அளக்கும் கலை நெடுங்காலம் ஆள்வோர் கையிலேயே இருந்தது. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணியும் கும்பினி ஆட்சியின் பணியே. பின்னாளில் அமெரிக்கப் படைத்துறையின் செயற்கைக்கோள்கள் இடங்காட்டும் குறிகளை அனுப்பின. ஆயினும் பொதுமக்களுக்குரிய குறி வேண்டுமென்றே பிழைபட வைக்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அத்தடை நீங்கிற்று. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் வாளியொன்றில் பொருள்களை இட்டுக் காட்டில் மறைத்து, அவ்விடத்தின் எண்களைப் பலரறியச் செய்தார். ஜியோகேச்சிங் என்னும் புவிப்புதையல் விளையாட்டு இவ்வாறு பிறந்தது.

இவ்விளையாட்டை விரும்புவோர் கூடும் கூட்டங்களில் பழகியோர் புதியோர்க்குப் பாடம் சொல்வர். கருவி இலக்கிற்குச் சில மீட்டர் அளவே இட்டுச் செல்லும். அதன்பின் கண்ணே வழிகாட்டும். நிலத்துக்குரியவர் இசைவின்றி மறைத்தலாகாது, மண்ணைத் தோண்டலாகாது, கண்டவர் ஏட்டில் பெயரெழுதி, பேழையை இருந்தவாறே வைத்தல் வேண்டும்.

இத்தகைய கூட்டம் நிபோங் திபாலில் கூடுமாயின், இன்னொரு பாடமும் சேர்தல் நன்று. கிரியான் ஆற்றங்கரையிலுள்ள அவ்வூரை எண்கள், ஏறத்தாழ வடக்கு 5 பாகை 10 கலை, கிழக்கு 100 பாகை 29 கலை எனக் குறிக்கும். ஊர்ப்பெயரோ, நிபோங் பனைகள் அடர்ந்து நின்ற நிலம் என மலாய்மொழியில் உரைக்கும். எண் இடத்தைக் காட்டும். பெயர் வரலாற்றைக் காட்டும். இடத்தை அடைந்தும் பெயரின் பொருளறியாது மீள்வோர், பேழையைக் கண்டும் திறவாது வந்தவரே ஆவர்.