பழகு வாளும் போர் வாளும்

வாள் என்னும் ஒரே சொல்லைக் கொண்டு தமிழில் நாம் பெரும்பாலும் காரியத்தை முடித்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டினால் அச்சொல் போதாமற் போய்விடுகிறது. பஞ்சாபில் தல்வார் வேறு, கண்டா வேறு. மராட்டிய நாட்டில் பட்டா வேறு, பிரங்கி வேறு. மலையாளக் கரையில் வாள் வேறு, உறுமி வேறு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவை அனைத்தையும் ஒரு சொல்லில் அடக்கிவிடுவது எளிது. ஆனால் அவற்றைக் கையிற் பிடித்துப் பழகும் மாணவனுக்கு அந்த எளிமையால் பயனில்லை. தன்னை ஏந்துபவன் எவ்வாறு நிற்க வேண்டும், தோளை வீச வேண்டுமா, மணிக்கட்டை மடக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு வாளும் தானே விதித்துவிடுகிறது.

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகள் இன்று அண்டை வீட்டுச் சீக்கியச் சிறுவர்களோடு கட்கா பழகுவதும், கோலாப்பூரில் மர்தானிக் கேல் பயில்வதும் வியப்புக்குரிய செய்திகள் அல்ல. அப்போது எழும் கேள்வி ஒன்று உண்டு: பிள்ளை கையில் ஏந்துவது வெறும் கம்புதானே, இதனால் வாள்வித்தை வருமா? இக்கேள்விக்கு விடை காண, முதலில் வாளின் கைப்பிடியைப் பார்க்க வேண்டும்.

தல்வார் வளைந்த ஒற்றை விளிம்புடைய வாள். அதன் பிடி சிறியது. பிடியின் முடிவில் வட்டமான தகடு ஒன்று தட்டுப்போல் அமைந்திருக்கும். இந்தப் பிடி தங்கள் கைக்குப் போதவில்லை என்று ஆங்கிலேயர் சிலர் குறைகூறினர். இந்தியர் கை சிறிது போலும் என்றும் எண்ணிக்கொண்டனர். உண்மை அதுவன்று. ஐரோப்பியரைப்போல் கையை நீட்டி, மணிக்கட்டை வளைத்து, முனையால் குத்த முயன்றால் அந்தத் தட்டு மணிக்கட்டில் அழுந்தி வலிக்கும். கையைப் பிடிக்குள் இறுகவைத்து, முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வீசி, வெட்டும்போதே இழுத்தால் தட்டு இடையூறு செய்யாது. கை நழுவாமலும் காக்கும். இழுத்து அறுக்கும் வெட்டுக்கென்றே அமைந்த பிடி அது.

இவ்விடத்தில் நோலன் என்னும் ஆங்கிலக் குதிரைப்படைத் தலைவர் 1853-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதிய செய்தி நினைவுகூரத்தக்கது. நிஜாமின் குதிரை வீரர்கள் போரில் ஏற்படுத்திய வெட்டுக்காயங்களின் கடுமையைக் கேள்வியுற்று, அவர்கள் ஏந்திய வாள்கள் எத்தகையவை என்று அவர் ஆராய்ந்தார். அவற்றுட் பல, ஆங்கிலப் படை பழையவை என்று கழித்துவிட்ட அலகுகளே! வீரர்கள் அவற்றிற்கு நம் நாட்டுப் பிடி பொருத்தி, நன்றாகத் தீட்டி, மர உறையில் வைத்திருந்தனர், போர்க்களத்திலன்றி உருவுவதில்லை. ஆங்கிலப் படையினரோ இரும்பு உறையைப் பயன்படுத்தினர். உருவும்போதும் செருகும்போதும் இரும்போடு இரும்பு உராய்ந்து கூர் மழுங்கிற்று. ஆக, அலகு ஒன்றே. பிடியும் உறையும் பராமரிப்பும் மாறியபோது அது வேறொரு வாளாயிற்று. இதனை எழுதிய நோலன் அடுத்த ஆண்டே, 1854-இல், பாலக்லாவாப் போரில் மாண்டார்.

அலகின் புகழையும் நாம் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஜார்ஜ் பியர்சன் 1795-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் முன் ஓர் இந்திய எஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். அதற்கு 'ஊட்ஸ்' என்று பெயர். இது கன்னடத்தின் 'உக்கு', தமிழின் 'உருக்கு' என்னும் சொற்களோடு உறவுடையது என்பர். மூசையில் இட்டு உருக்கிய அந்த எஃகின் தன்மையைப் பின்னர் மைக்கேல் பாரடேயும் ஆராய்ந்தார்.

கண்டா நேரானது, இரு விளிம்பும் உடையது, நுனி அகன்றது. நுனிப்பக்கம் பாரம் மிகுந்திருப்பதால் வீச்சு வலிமையாகும், ஆனால் வீசிய வாளை நிறுத்தித் திருப்புவது கடினம். பிற்காலத்தில் அதன் பிடியின் அடியில் ஒரு முள் நீண்டது. தேவைப்பட்டபோது இடக்கையும் அதனைப் பற்றித் துணைசெய்யலாம். ஐரோப்பிய அலகு பொருத்திய நேர்வாளை, பறங்கியர் பெயராலேயே, பிரங்கி என்று தக்காணத்தில் வழங்கினர்.

இனிக் கம்பின் செய்தி. சீக்கிய அரசு 1849-இல் ஆங்கிலேயர் கைப்பட்டதும் பஞ்சாபில் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமோ உரிமமின்றி ஆயுதம் ஏந்துவதை நாடெங்கும் தடுத்தது. பழகுவதற்கு மட்டும் உதவிவந்த கம்பு அதன்பின் வித்தையின் முதன்மைக் கருவியாயிற்று. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பும், பரீ என்னும் சிறு கேடயமுமே கட்காப் போட்டியின் கருவிகள். வித்தை பிழைத்தது, ஆனால் ஒன்று கைநழுவிப்போகும் நிலையும் வந்தது. உருண்டையான கம்புக்கு விளிம்பு இல்லை. எப்பக்கம் பட்டாலும் அடி அடிதான். வாளோ சற்றே திரும்பினாலும் விளிம்பு படாமல் தட்டைப்பக்கம் பட்டு வழுக்கிவிடும். தூரம், காலம், அடிவைப்பு, எதிரியின் கண்ணோட்டம் ஆகியவற்றைக் கம்பு நன்றாகக் கற்பிக்கும். விளிம்பை நேர்ப்படுத்துவதைக் கற்பிக்காது. ஆகவேதான் தேர்ந்த ஆசிரியர் எதிரெதிர் நின்று ஆடுவதற்குக் கம்பையும், தனியே சுழன்று பழகுவதற்கு வாளையும் கொடுக்கிறார். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கற்பிக்கும் இடத்தில் பாதி வித்தைதான் கிடைக்கும் என்பது நம் கருத்து.

பட்டாவுக்கு இந்தக் கம்பும் துணைசெய்யாது. அதில் பிடி இல்லை. முழங்கை வரை மூடும் இரும்புக் கூட்டுக்குள் கையை நுழைத்து, உள்ளே குறுக்காக உள்ள கம்பியைப் பற்ற வேண்டும். மணிக்கட்டை அசைக்க இயலாது. கையும் அலகும் ஒரே நீள்கோடாகிவிடும். எனவே வெட்டு முழுவதும் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் பிறக்கிறது. ஆடுபவன் பம்பரம்போற் சுழல்கிறான். தரையில் வைத்த எலுமிச்சம் பழத்தைச் சுழன்றபடியே இருகூறாக்குவது மராட்டியரின் புகழ்பெற்ற பயிற்சி. மகாராஷ்டிர அரசு 2024-இல் தாண்டபட்டாவை மாநில ஆயுதமாக அறிவித்தது.

கேரளத்துக் களரியில் வரிசை கண்டிப்பானது. முதலில் மெய்த்தாரி, அதாவது உடற்பயிற்சி. பின்னர் கோல்தாரி என்னும் மரக்கருவிகள்: நெடுங்கோல், மூன்று சாண் நீளமுள்ள சிறுகோல், யானைத் தந்தம்போல் வளைந்த ஒற்றக்கோல். இவற்றையெல்லாம் கடந்தவனுக்கே அங்கத்தாரியில் வாளும் பரிசையும். இறுதியில் உறுமி. இதனையொத்த சுருள்வாள் நம் சிலம்பக் கூடங்களிலும் உண்டு. இடுப்பில் கச்சைபோற் சுற்றிக்கொள்ளத்தக்க மெல்லிய நெடிய தகடு அது. எதிர்வாளைத் தாங்கி நிறுத்த அதற்கு வலிமையில்லை. ஓயாத சுழற்சியே அதன் காவல். சுழற்சி தளர்ந்தால் முதலில் வெட்டுப்படுபவன் அதை ஏந்தியவனே. ஆதலால் உறுமியை முதலாண்டிலேயே கற்பிப்பதாகச் சொல்லுமிடத்திலிருந்து பிள்ளையை அழைத்துவந்துவிடுவதே நலம். மணிப்பூரிலும் 1891-ஆம் ஆண்டுப் போருக்குப்பின் தாங்-தா தடைக்குள்ளாயிற்று. அங்கும் தோல் உறையிட்ட கோலே இன்று போட்டிக் கருவி.

கடையில் அழகுக்காக விற்கும் வாளைப் பற்றியும் ஒரு சொல். அதன் அலகின் வேர்ப்பகுதி பிடிக்குள் மெலிந்து குறுகியிருக்கும்; வேகமாக வீசினால் அலகு கழன்று பறக்கக்கூடும். பாட்டனார் வைத்த பழந்தல்வாரும் பயிற்சிக்கு உகந்ததன்று. அக்காலத்தில் அலகைப் பிடியில் அரக்கு இட்டே பொருத்தினர். ஆண்டுகள் செல்ல அந்த அரக்கு உலர்ந்து உதிர்கிறது. பழகுவதற்கெனச் செய்த கூரற்ற வாளே வேண்டும். அதன் எடையும் நீளமும் பிள்ளையின் கைக்கு ஏற்றவையா என்று ஆசிரியரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஹைதராபாத்தில் வாழும் நேயர்கள் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பழம்படைக்கலங்களைக் காணலாம். விடுமுறைக்குச் சென்னை வருவோர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களைக் காணலாம். அங்கே அலகின் பளபளப்பிலும் பொன்வேலையிலும் மயங்கி நின்றுவிடாமல், பிடியையே சற்று நேரம் பாருங்கள். கண்ணாடிக்கு இப்புறமிருந்தே உங்கள் கையை அதற்குள் வைப்பதாக எண்ணிக்கொண்டு, மணிக்கட்டு எப்பக்கம் திரும்பும், எப்பக்கம் தடைப்படும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஓராண்டேனும் கம்பு பிடித்த பிள்ளை உடனே விடை சொல்லிவிடும்.