கட்சிக்காரர் யார்?

சட்டம் படித்தவர் தம் தொழிலை இருமுறை தெரிவு செய்கிறார். சட்டக் கல்லூரியில் கால் வைக்கும்போது முதல் முறை. நீதிமன்றத்திலே பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துப் பெயரெடுத்த பின்னர் இரண்டாம் முறை. முதலாவது பெரும்பாலும் பெற்றோர் விருப்பத்தாலும் பரீட்சைப் பெறுபேற்றாலும் அமைந்துவிடும். இரண்டாவதை அவரே செய்ய வேண்டும். சட்டமா அதிபர் திணைக்களமா, நீதிபதி ஆசனமா, வங்கியொன்றின் ஆலோசகர் நாற்காலியா, அரசியலா? எம்மிடம் கற்றுச் சட்டத்துறை புகுந்த மாணவர் சிலர் இன்று இக்கேள்வியோடு வருகின்றனர். எதில் ஊதியம் மிகுதி, எதில் மதிப்பு மிகுதி என்ற கணக்கை அவர்கள் எம்மினும் நன்கறிவர். ஆசிரியராகிய எம்மால் இயன்றது வரலாற்றை எடுத்துக் காட்டுவதே. அதற்குத் திருகோணமலையைச் சுற்றி நிகழ்ந்தவையே போதும்.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். வழக்காடுவோரின் பெயர்கள் நம் நாட்டில் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. பிரக்கிராசி, அப்புக்காத்து என்பன ஐரோப்பியர் விட்டுச் சென்றவை. அவ்விரு பிரிவும் 1974இல் ஒன்றாக்கப்பட்டு, எல்லோரும் சட்டத்தரணிகள் ஆயினர். ஆனால் அவர்களிடம் வழக்கைக் கொண்டு வருபவரின் பெயர் மட்டும் மாறவில்லை, அவர் கட்சிக்காரர். அரசியற் கழகத்தைச் சேர்ந்தவரையும் தமிழ் அதே சொல்லால்தான் அழைக்கிறது. தற்செயலாக அமைந்த இந்த ஒற்றுமையில் நம் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. நீதிமன்றத்திலே கட்சிக்காரர் யாரென்பதில் ஐயமில்லை. அவர் பணம் தருகிறார், கேள்வி கேட்கிறார், மனம் நிறையாவிடின் வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கிறார். சட்டத்தரணி அங்கியைக் கழற்றி வேறொரு பதவியில் அமரும்போது அந்தக் கட்சிக்காரர் எங்கே போகிறார்?

அடுத்த வேலையைத் தெரிவு செய்யும் வாய்ப்பே ஒரு வகுப்பினரின் உடைமை என்பதையும் மறத்தலாகாது. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தது. இறைமையை நேசித்த எவரும் அதனை வரவேற்றே இருப்பர். ஆயினும் கப்பற்பட்டறையை நம்பி வாழ்ந்த தொழிலாளருக்கு அந்நாள் வேலை பறிபோன நாளாயிற்று. பொருத்துநரும் கொல்லரும் சுமைதூக்குவோரும் அடுத்த வேலை எதுவென்று ஆராய்ந்து தெரியவில்லை. கிடைத்ததைப் பற்றிக் கொண்டனர்.

அதற்கு ஓராண்டு முன்னர், 1956 ஓகஸ்டில், தமிழரசுக் கட்சியின் மாநாட்டுக்காகத் தொண்டர்கள் பல திசைகளிலிருந்தும் நடந்தே இத்துறைமுக நகரை வந்தடைந்தனர். அவர்களின் தலைவர் செல்வநாயகம் விஞ்ஞானப் பட்டதாரி, பள்ளி ஆசிரியர், பின்பு பெயர் பெற்ற அப்புக்காத்து. (எம் தொழிலைத் துறந்து சென்றவர் என்பதால் அவர்மீது எமக்குச் சற்றே உரிமை உண்டு!) சமஷ்டி ஆட்சி, தமிழுக்குச் சம உரிமை, மலையகத் தமிழரின் குடியுரிமை, திட்டமிட்ட குடியேற்றத்தின் நிறுத்தம் ஆகியவற்றைக் கோரி மாநாடு ஓராண்டுத் தவணை விதித்தது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவோடு ஓர் ஒப்பந்தம். மறு ஆண்டு அது கிழிக்கப்பட்டது. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்காவோடு இன்னொன்று. இரண்டிலும் இடப்பட்ட நான்கு கையொப்பங்களும் சட்டம் படித்தவர்களுடையவை. இரண்டில் ஒன்றேனும் சட்டமாகவில்லை.

இரண்டாம் ஒப்பந்தத்தின் வழியே அமைச்சரானவர் மு. திருச்செல்வம். நம் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. அவர் முடிக்குரிய வழக்கறிஞராகப் பணிபுரிந்து சொலிசிட்டர் ஜெனரல் பதவிவரை உயர்ந்தவர். இன்று அப்பதவியைத் தமிழில் மன்றாடியார் நாயகம் என்கிறோம். அரசுக்காக மன்றாடுவோருள் தலைவர் என்பது பொருள். அவருடைய கட்சிக்காரர் அப்போது அரசு. பின்னர் அப்பதவியை நீங்கித் தனித்தொழில் நடத்தினார். தமிழரசுக் கட்சிக்குச் சட்ட ஆலோசகரானார். 1965இல் செனற் சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார். கட்சிக்காரர் மாறினார், அலுவலகம் மட்டும் மீண்டும் அரசினுடையதாயிற்று. அரசின் மேசையிலிருந்தே அரசிடம் கேட்டுப் பெறுவது என்ற நம்பிக்கையோடு அவர் சென்றார். அதனைப் பதவியாசை என்று சொல்லிவிடுவது எளிது. பின்னர் நிகழ்ந்தது அக்கூற்றை மறுக்கிறது.

திருக்கோணேச்சரத்தை அறியாதார் இலர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் அதனை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து அக்கோட்டையைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் அதற்குப் பிரெடெரிக் கோட்டை என்று பெயரிட்டனர். 1950இல் பழைய திருவுருவங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. ஆனாற் கோயிலுக்குப் போகும் வழி கோட்டைக்குள்ளேயே கிடந்தது. அப்பகுதியைப் புனித பிரதேசமாகப் பிரகடனம் செய்தல் இயலுமா என்று ஆராய அமைச்சர் திருச்செல்வம் ஒரு குழுவை நியமித்தார். திருகோணமலையிலிருந்த பௌத்த பிக்கு ஒருவரின் எதிர்ப்பு பிரதமரை எட்டியது. தம் அமைச்சரைக் கலந்து பேசாமலே பிரதமர் குழுவை நிறுத்தினார். 1968இல் திருச்செல்வம் பதவி துறந்தார். அவருடைய கட்சியும் அரசாங்கத்தை விட்டு நீங்கியது. ஒப்பந்தம் வாக்களித்த மாவட்ட சபைத் திட்டமும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது.

கோயில் எல்லை பற்றிய தகராறு முற்போக்காளர்க்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தகராறு கோயிலைப் பற்றியதன்று. துறைமுக நகரின் நிலத்தைப் பற்றி முடிவு செய்பவர் யார் என்பதைப் பற்றியது. சட்டப்படி அதிகாரம் பெற்ற அமைச்சர் ஒருவர் நியமித்த குழு, ஆராயத்தான் நியமிக்கப்பட்டது, ஆராயவும் விடப்படவில்லை. கொழும்பில் ஓர் உத்தரவு அதனை முடித்து வைத்தது. அவ்வளவு எளிதாக முடிந்ததேன்? திருச்செல்வம் தேர்தலில் நின்று வந்தவரல்லர். 1956இல் நடந்து வந்த தொண்டர்களும், துறைமுகத்தில் வேலை இழந்தவர்களும், தம்பலகாமத்து உழவரும் அவருடைய கோப்பிலே எங்கும் இருக்கவில்லை. திறமையான நியாயவாதி, தக்க ஆவணங்களோடு, தக்க இடத்தில் மன்றாடினார். கட்சிக்காரர் மன்றத்திற்கு வரவில்லை, அழைக்கப்படவுமில்லை.

இதனோடு இரா. சம்பந்தனை வைத்துப் பார்க்கலாம். சட்டக் கல்லூரியில் தேர்ந்து திருகோணமலையிலேயே வழக்காடியவர். 1956இல் தமிழரசுக் கட்சியிற் சேர்ந்தார். 1963இலும் 1970இலும் பாராளுமன்றத் தேர்தலில் நிற்குமாறு செல்வநாயகம் கேட்டார். இருமுறையும் மறுத்துவிட்டார். 1977இல் ஏற்று வென்றார். 1983இல் ஆறாம் திருத்தத்தையொட்டி ஆசனத்தை இழந்தார். 2001 தொடங்கி 2024இல் மறையும்வரை இம்மாவட்டத்தின் உறுப்பினராக விளங்கினார். 2015 முதல் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவர். அவரது அரசியலோடு எமக்குப் பல இடங்களில் உடன்பாடில்லை. ஆனால் அழைப்பு வந்தவுடன் எழுந்து போகாத அந்தப் பதினான்கு ஆண்டுகள் கவனித்தற்குரியன. அந்த ஆண்டுகளில் அவரிடம் வந்தவர்களே பின்னர் அவருக்கு வாக்களித்தார்கள். பிடிக்காவிடில் அவரை அகற்றும் உரிமையும் அவர்களுக்கிருந்தது.

இடதுசாரிகளாகிய நாம் பிறரை மட்டும் எடைபோட்டு நிறுத்திக் கொள்ளுதல் நேர்மையாகாது. கொல்வின் ஆர். டி சில்வா நாடறிந்த குற்றவியல் வழக்கறிஞர், தொழிலாளரின் குரல். இரு மொழிகளெனில் ஒரு நாடு, ஒரு மொழியெனில் இரு நாடுகள் என்று 1956இலேயே பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் அவர். அதே மனிதரின் கட்சி, 1966 ஜனவரியில், தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்த ஊர்வலத்தில் நடந்தது. 1970இல் அவர் அரசியலமைப்பு விவகார அமைச்சரானார். 1972இல் அவர் ஆக்கிய அரசியலமைப்பு சிங்களத்தின் தனியிடத்தை உறுதி செய்தது. பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளித்தது. சிறுபான்மையினர்க்குப் பழைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தந்த காப்பையும் நீக்கியது. வாதத் திறமை குன்றியதால் இது நேரவில்லை. அமைச்சர் பதவியிலே கூட்டரசாங்கம் அவருடைய புதிய கட்சிக்காரர் ஆயிற்று. அதன் அறிவுறுத்தலின்படி வரைவு எழுதப்பட்டது. பழைய கட்சிக்காரர்களுள் தமிழ்த் தொழிலாளியும் ஒருவன் என்பதை யார் நினைவூட்டியிருக்கக் கூடும்? நாமே நினைவூட்டியிருக்க வேண்டும். நம்மவர் பெரும்பாலோர் கைதட்டினர்.

1976இல் அமிர்தலிங்கம் முதலியோர் மீது, துண்டுப் பிரசுரம் பரப்பியதாக, மூன்று நீதிபதிகள் முன்னிலையில் வழக்குத் தொடரப்பட்டது. எதிரிகளின் பக்கம் அறுபதுக்கு மேற்பட்ட சட்டத்தரணிகள் எழுந்து நின்றனர். முதுமையால் நலிந்த செல்வநாயகம் வந்திருந்தார், ஜீ. ஜீ. பொன்னம்பலம் வந்திருந்தார், மன்றாடியார் நாயகமாகவும் அமைச்சராகவும் இருந்த திருச்செல்வமும் மீண்டும் அங்கியணிந்து வந்திருந்தார். கொல்வின் ஆக்கிய அரசியலமைப்பின் வலிதுடைமையே அம்மன்றில் கேள்விக்குள்ளாயிற்று. இம்முறை கட்சிக்காரர் எதிரிக் கூண்டில், அவர் கண்ணெதிரே நின்றார். மன்றுக்கு வெளியே மக்கள் காத்திருந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் திருச்செல்வம் காலமானார்.