கூலிக்கு இத்தாலியன்

குந்தாரப்பள்ளியில் இத்தாலியன் டியூஷன் என்று போர்டு மாட்டினால் சிரிப்பார்கள். சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு வந்த பெரியவர் ஒருவர் மாடியேறி வந்து, "ஏம்பா, இது என்ன வைத்தியம்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கிரானைட் ஏற்றுமதி ஆபீசில் கணக்கெழுதிய காலத்தில், கல் பார்க்க வந்த வெரோனா வியாபாரிகளிடம் பொறுக்கிய பாஷை இது. இப்போது டூரினுக்கும் மிலானுக்கும் மேல்படிப்புக்குக் கிளம்பும் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அங்கே வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். வீட்டு ஓனரிடமும் தங்கும் அனுமதி தரும் போலீஸ் ஆபீசிலும் அது உதவாது.

நம் பிள்ளைகளுக்கு இரட்டை ஒற்று ஒரு பொருட்டே இல்லை. கனி, கன்னி என்று பேசிப் பழகிய வாய். இங்கிலீஷ்காரர் திணறுகிற 'கப்பெல்லோ', அதாவது தொப்பி, முதல் நாளே வந்துவிடும். ஒற்றைப் பகரம் உள்ள 'கபெல்லோ', தலைமயிர், அதில்தான் மாட்டிக்கொள்வார்கள். உயிர்களுக்கு நடுவே தனியாக நிற்கும் பகரத்தைத் தமிழ் நாக்கு தானாகவே மெலிக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள், எங்கள் பக்கத்தில் அப்படி நிறைய வீடுகள் உண்டு, அதைப் பிசகாமல் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்து நக்கலடிப்பார்கள்.

இந்தத் தொழிலில் எனக்கு முன்னே இருந்தவர்களைத் தேடிப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் ஊரை விட்டு வந்தவர்கள், கடனாளிகள், இல்லையென்றால் அவர்கள் பெற்ற பிள்ளைகள். லண்டனில் பிழைத்த ஜான் ஃப்ளோரியோவின் தகப்பனார் மதத்துக்காக இத்தாலியை விட்டு ஓடி வந்தவர். மகன் 1578-ல் போட்ட பாடப்புத்தகம் முழுக்க உரையாடல். இத்தாலியனும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்தில். அதில் ஒரு ஆள், டோவர் துறைமுகத்தைத் தாண்டினால் ஆங்கிலம் செல்லாது என்கிறான். இங்கிலீஷ் மீடியத்துக்காக நகையை அடகு வைக்கிற அப்பாக்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை.

எனக்குப் பிடித்தவர் டூரின்காரர் ஜுசெப்பே பரெட்டி. 1769 அக்டோபரில் லண்டன் ஹேமார்க்கெட் தெருவில் அடாவடி ஆட்கள் சூழ்ந்துகொள்ள, பழம் நறுக்கும் கத்தியை வீசிவிட்டார். குத்துப்பட்ட ஒருவன் செத்துப்போனான். கொலை வழக்கில் இவருக்காகச் சாட்சி சொன்னவர்கள் யார் யார் தெரியுமா? அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன், அரசியல்வாதி எட்மண்ட் பர்க், நடிகர் காரிக். விடுதலையானார். பிறகு ஜான்சனின் சிநேகிதர்களான த்ரேல் குடும்பத்தில் தங்கி, மூத்த பெண்ணுக்கு இத்தாலியன் வாத்தியாரானார். அந்தச் சிறுமிக்காக எழுதிய உரையாடல்கள் 1775-ல் புத்தகமாயின. வாய்ப்பாடு இல்லை, வீட்டு அரட்டை. மறு வருஷமே அந்த வீட்டோடு மனஸ்தாபப்பட்டு வெளியேறிவிட்டார்.

நம் பக்கம் இதையே தலைகீழாகச் செய்தவர் வீரமாமுனிவர். இத்தாலியக் கத்தோலிக்கப் பாதிரியார், சொல்லிக்கொடுத்தது தமிழ். பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-ல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள் எதிர் முகாமான லுத்தரன் மிஷன்காரர்கள். மேடையில் தேம்பாவணிக்காக அவரைக் கொண்டாடுகிறார்கள். கூலிக்குப் பாஷை சொல்லித்தரும் எனக்கு இந்தச் சின்ன இலக்கணம்தான் பெரிசு.

மொசார்ட்டின் மூன்று ஆபராக்களுக்குப் பாட்டெழுதிய லொரென்சோ தா போன்டே கடன் தொல்லையில் 1805-ல் அமெரிக்கா போய் மளிகைக்கடை வைத்தார். அப்புறம் நியூயார்க்கில் இத்தாலியன் டியூஷன். 1825-ல் கொலம்பியா கல்லூரி அவரை இத்தாலியப் பேராசிரியராக்கியது. பதவி கொடுத்தார்கள், சம்பளம் கொடுக்கவில்லை; சேருகிற மாணவர் தரும் கட்டணம்தான் வரும்படி. மாணவர்களும் அதிகம் சேரவில்லை.

இந்தியாவுக்கு வந்தவருக்குச் சம்பளம் ஒழுங்காக வந்தது. கொடுத்தது முசோலினி. 1925-ல் தாகூரின் சாந்திநிகேதனுக்கு ஒரு நூலகமளவு இத்தாலியப் புத்தகங்களும், கூடவே கார்லோ ஃபொர்மிக்கி, ஜுசெப்பே துச்சி என்ற இரண்டு அறிஞர்களும் அனுப்பப்பட்டார்கள். துச்சி அங்கே இத்தாலியனும் சீனமும் கற்பித்தார். மறு வருஷம் தாகூர் முசோலினியின் விருந்தாளியாக இத்தாலி போனார். சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமைன் ரோலண்டைச் சந்தித்த பிறகு மனம் மாறி, பாசிசத்தைக் கண்டித்து எழுதிய கடிதம் 1926 ஆகஸ்டில் மான்செஸ்டர் கார்டியனில் வந்தது. இத்தாலிய அரசு துச்சியைச் சாந்திநிகேதனிலிருந்து விலக்கிக்கொண்டது. அவர் டாக்கா, கல்கத்தா என்று இன்னும் சில வருஷம் கற்பித்துவிட்டு ஊர் திரும்பி, திபெத்திய ஆய்வில் பெரிய பெயரானார். சாந்திநிகேதன் பிள்ளைகள் இலக்கணத்தில் எதுவரை போயிருந்தார்களோ, அத்தோடு சரி.

என் வகுப்பும் பாதியில் நிற்பதுண்டு. காரணம் அரசியல் இல்லை, விசா. முத்திரை விழுந்த மறுநாளே வினைச்சொல்லை அந்தரத்தில் விட்டுவிட்டு, அந்த மாதப் பணத்தை ஜிபேயில் போட்டுவிட்டு பெங்களூரு பஸ் ஏறிவிடுவார்கள்.