மல்லாட்டைக் காசு

தென்னார்க்காட்டு விவசாய வரலாற்றில் மணிலாப் பயிர் ஒரு வெற்றிக்கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எங்கள் பகுதிக் கடலை புதுச்சேரித் துறையிலிருந்து பிரான்சின் மார்செய்லுக்குக் கப்பலேறியது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. செம்மண் மேட்டுக்காட்டுக்குக் காசு வந்தது உண்மைதான். யார் மடிக்கு வந்தது என்பதுதான் கேள்வி.

எங்க ஜனம் இதை மல்லாட்டை என்றுதான் சொல்லும். அதற்கு முன் மானாவாரிக் காட்டில் வரகு, சாமை, கம்பு, கேவுரு. விலை போகாவிட்டாலும் கூழ் காய்ச்சிக் குடிக்கலாம். மல்லாட்டையை விற்றால்தான் அடுப்பு எரியும். சேரியின் பசி சந்தை விலையோடு முடிச்சுப் போடப்பட்டது இப்படித்தான். 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் விலை சரிந்தது. வாங்கிய கடன் சரியவில்லை.

விதைதான் முதல் கண்ணி. கேவுருக்குச் சில படி போதும். மல்லாட்டைக்கு மூட்டைக் கணக்கு. ஆடியில் மண்டிக்காரர் விதை கொடுப்பார். ஐப்பசியில் அவருக்கே, அவர் தராசிலேயே, அவர் சொன்ன விலைக்கே போடணும். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போது எங்க தாத்தா வாசலுக்கு வெளியே நின்றிருப்பார். இந்தத் தரகுக் கொள்ளையைத் தடுக்கத்தான் 1933இல் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. ஆனால் முன்பணம் வாங்கியவன் மூட்டை விற்பனைக்கூடம் வரை போகாது.

இங்கேதான் பஞ்சமி நிலம் வருகிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை அடுத்து 1892இல் அரசாணை பிறந்தது. பத்தாண்டுகள் விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. விதைக்கடனுக்கும் வட்டிக்கும் வெள்ளைத்தாளில் வைத்த கைநாட்டு நிலத்தையே கொண்டுபோனது. அதைக் கேட்ட காரணைப் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்டார்கள்.

அப்படியானால் மல்லாட்டையே வேண்டாமா? எங்க ஆயா ஒத்துக்கொள்ளாது. ஆண்டை அளந்து போட்ட கூலித் தவசத்தைத் தவிர வேறு பார்க்காத வீட்டில், ஆண்டை கையிலிருந்து வராத முதல் காசு அது. அப்பாவுக்குச் சிலேட்டு வாங்கியது அந்தக் காசில்தான். ஆனால் அதுவே இன்னொன்றும் சொல்லும்: "கேவுரு இருந்தா பானை எங்கையில. மல்லாட்டை வித்தா பணம் ஆம்பள கையில." களை வெட்டுவது, பிடுங்குவது, ஆய்வது எல்லாம் பெண்கள். மண்டிக்குப் போவது மட்டும் ஆண். அறுவடை முடிந்த காட்டில் கொத்திப் பொறுக்கிய மல்லாட்டைதான் ஆயாவுக்குச் சொந்தக் காசு.

குற்றம் பயிருடையது அல்ல. விதையும் கடனும் தராசும் யாரிடம் இருக்கின்றன, வந்த காசு வீட்டில் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே நன்மையும் கேடும். நிலமீட்பு பேசும் தோழர்கள் இவற்றையும் சேர்த்தே பேசணும். பட்டா பெண் பெயரிலும் வரணும், விதை எங்கள் கூட்டுறவில் இருக்கணும். இல்லையென்றால் மீட்ட நிலம் இன்னொரு ஐப்பசியில் திரும்பவும் மண்டிக்கே போகும்.