ஒரு காலைப் பயணமும் ஒரு வேக வரம்பும்: எரிபொருள் எண்கள் இரண்டின் வரலாறு

அமெரிக்காவில் விற்பனைக்கு நிறுத்தப்படும் புதிய கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டு, ஒரு கேலன் எரிபொருளில் அந்தக் கார் எத்தனை மைல் ஓடும் என்பதை நகரச் சாலைக்கு ஓர் எண்ணாகவும் நெடுஞ்சாலைக்கு வேறோர் எண்ணாகவும் பிரித்துச் சொல்கிறது. அந்நாட்டு கேலன் 3.785 லிட்டர், மைல் 1.609 கிலோமீட்டர் என்பதால், கேலனுக்கு ஒரு மைல் என்ற அளவு லிட்டருக்கு 0.425 கிலோமீட்டருக்குச் சமம். தமிழில் மைலேஜ் என்று வழங்கும் சொல்லின் அடியிலும் இந்த மைல்தான் இருக்கிறது. வாங்குவோர் பலரும் இவ்விரண்டு எண்களையும் காரின் இயல்பைக் காட்டும் உண்மைகளாகவே எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் அவற்றின் பிறப்பை ஆராய்ந்தால், முதலாவது எண் 1960களின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து அலுவலகப் பயணத்தையும், இரண்டாவது எண் 1974ஆம் ஆண்டின் எண்ணெய்த் தட்டுப்பாட்டையும் தம்முள் பதித்து வைத்திருக்கும் வரலாற்று ஆவணங்கள் என்பது விளங்கும்.

அரசு இத்துறையில் நுழைவதற்கு முன்பு எரிபொருள் சிக்கனத்தை அளக்கும் பணி, பெரும்பாலும் விளம்பரத்தோடு சேர்ந்தே நடந்தது. கில்மோர் எண்ணெய் நிறுவனம் 1936இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து யோசெமிட்டி வரை தொடங்கிய சிக்கன ஓட்டப் போட்டி, போர்க்கால இடைவெளிக்குப் பின் 1950இல் மோபில்கேஸ் என்ற பெயரோடு மீண்டும் தொடங்கி 1968 வரை நீடித்தது. தேர்ந்த ஓட்டுநர்கள் முடுக்கியை மெல்ல மெல்ல மிதித்துப் பெற்ற அந்த எண்கள் சாதாரணக் குடும்பத்துக் காருக்கு எட்டாதவையாகவே இருந்தன. எல்லாக் கார்களையும் ஒரே வகையாக ஓட்டி ஒப்பிடுவதற்கான பொது அளவுகோல் அந்நாளில் இல்லை.

அத்தகைய அளவுகோல் எரிபொருளைப் பற்றிய கவலையிலிருந்து பிறக்காமல், காற்றைப் பற்றிய கவலையிலிருந்து பிறந்தது. 1940களிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் நகரின்மீது கவிந்து கண்ணை எரித்த புகைப்பனிக்குக் காரணம் தேடிய காலத்தில், அன்னாசிப் பழத்தின் மணத்துக்குரிய வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த கால்டெக் நிறுவனத்து வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், எரிபொருளின் எரியாத மிச்சமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதால் அந்தப் புகைப்பனி உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் விளக்கினார். கார்களே முதன்மைக் குற்றவாளிகள் என்றானபின், ஒரு கார் எவ்வளவு நச்சை வெளியேற்றுகிறது என்று அளக்க வேண்டியிருந்தது. அளப்பதற்கு, அந்தக் காரை எப்படி ஓட்டுவது என்பதை முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது.

முதலில் வந்த ஏழு நிலைச் சுழற்சி, 137 நொடிகளில் முடியும் நேர்கோட்டு வேக மாற்றங்களைத் திரும்பத் திரும்பச் செய்யும் எளிய வரைவாக இருந்தமையால், உண்மைச் சாலையின் ஒழுங்கின்மையை அது காட்டவில்லை. அதற்கு மாற்றாக, நகர மக்கள் காலையில் வேலைக்குச் செல்லும் பயணத்தை ஒத்த வழி ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் சாலைகளில் தேர்ந்தெடுக்கப்பட்டு, எல்.ஏ.-4 என்று பெயரிடப்பட்டது. அந்த வழியில் பல ஓட்டுநர்களைக் கார் ஓட்டச் செய்து, நொடிக்கு நொடி வேகத்தைப் பதிவுசெய்து, அப்பதிவுகளில் சராசரிக்கு மிக நெருங்கிய ஒன்றை எடுத்து, நகரின் வழக்கமான பயணத் தொலைவுக்கு ஏற்பச் சுருக்கியபோது கிடைத்ததே 1972 மாதிரி ஆண்டிலிருந்து கூட்டரசுச் சோதனையாக வழங்கிவரும் நகர ஓட்ட வரைவு. 12 கிலோமீட்டர் தொலைவும் 1,372 நொடி நீளமும் கொண்ட அவ்வரைவில் சராசரி வேகம் மணிக்கு 31.5 கிலோமீட்டர், உச்ச வேகம் 91.2 கிலோமீட்டர், மொத்த நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வண்டி நின்றபடி கழிகிறது.

இந்த ஓட்டம் சாலையில் நடப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் காரின் இயக்குச் சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்தி, காற்றின் எதிர்ப்புக்கும் வண்டியின் எடைக்கும் ஈடான சுமையை அவ்வுருளைகளின் வழியே ஏற்றும் டைனமோமீட்டர் என்ற பொறியின்மீது நடக்கிறது. அக்காலத்து உருளைகளில் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், ஒரு நொடியில் வேகம் மணிக்கு 5.3 கிலோமீட்டருக்கு மேல் கூடும் ஏற்றங்களெல்லாம் வரைவிலிருந்து வெட்டித் தணிக்கப்பட்டன. கருவியின் வலுக்குறைவு ஒன்று இவ்வாறு ஒரு நாட்டின் ஓட்டுநர்கள் அனைவரையும் காகிதத்தில் சாந்தமானவர்களாக்கிவிட்டது. பின்னாளில் எழுந்த குறைபாடுகள் பலவற்றின் வேரை இங்கேயே காணலாம்.

எரிபொருள் எண் இச்சோதனையின் உடன்விளைவாகவே கிடைத்தது. எரிபொருளில் உள்ள கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகவோ, கார்பன் மோனாக்சைடாகவோ, எரியாத ஹைட்ரோகார்பனாகவோ புகைக்குழாய் வழியே வெளியேறியாக வேண்டும் என்பதால், நச்சை அளப்பதற்காகப் பைகளில் சேகரித்த புகையில் உள்ள கார்பனை எண்ணினாலே எரிந்த எரிபொருளின் அளவு தெரிந்துவிடும். கார்பன் சமநிலை முறை என்று பெயர் பெற்ற இக்கணக்கால், 1970 டிசம்பரில் நிறுவப்பட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கையில், அது தேடிச் செல்லாத செல்வமாகக் கார்களின் மைலேஜ் வந்து சேர்ந்தது.

அதன் மதிப்பை நாடு உணர்வதற்கு 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அறிவித்த எண்ணெய்த் தடை காரணமாயிற்று. எரிபொருள் நிலையங்களில் வரிசை நீண்டது. 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் ஒப்பமிட்ட சட்டம், நாடெங்கும் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 88.5 கிலோமீட்டருக்கு மட்டுப்படுத்தியது. நகர வரைவிலிருந்து கிடைத்த எண் மட்டும் வெளியானபோது அது கார்களின் நெடும்பயணத் திறனை மறைக்கிறது என்ற வாதம் எழுந்ததால், நகருக்கு வெளியே செல்லும் ஓட்டத்துக்கெனத் தனி வரைவு ஒன்று அந்த வேக வரம்பின் நிழலிலேயே உருவாயிற்று. 16.5 கிலோமீட்டர் தொலைவு, 765 நொடி, சராசரி மணிக்கு 77.7 கிலோமீட்டர், உச்சம் 96.4 கிலோமீட்டர், இடையில் ஓரிடத்திலும் நிற்பதில்லை, எஞ்சின் முன்பே சூடேறியிருக்கும்: இதுவே நெடுஞ்சாலை என்ற சொல்லுக்கு ஆய்வுக்கூடம் கொடுத்த பொருள். வேக வரம்பு 1987இல் தளர்ந்து 1995இல் நீங்கிய பிறகும் வரைவின் வேகம் மாறவில்லை.

பெட்ரோல் கார்களில் நெடுஞ்சாலை எண் நகர எண்ணைவிடப் பொதுவாகப் பெரிதாக இருந்ததற்கு இயற்பியலில் காரணம் உண்டு. நகர ஓட்டத்தில் வண்டியின் எடையைத் திரும்பத் திரும்ப வேகப்படுத்தச் செலவிட்ட ஆற்றல் பிரேக்கில் வெப்பமாக வீணாகிறது. நிற்கும் நேரத்தில் எஞ்சின் ஒரு மீட்டரும் நகர்த்தாமல் எரிபொருளைக் குடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய பெட்ரோல் எஞ்சின் சிறு சுமையில் இயங்கும்போது அதன் காற்றுவாய் ஏறக்குறைய மூடியிருப்பதால், காற்றை உறிஞ்சவே அது தன் உழைப்பின் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. நெடுஞ்சாலையில் இம்மூன்றும் குறைய, காற்றின் எதிர்ப்பு ஓங்குகிறது. அவ்வெதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 110க்கு ஏறினால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றை எதிர்க்கச் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய 1.9 மடங்காகிறது. ஆகவே நெடுஞ்சாலை சிக்கனமானது என்ற பொதுக் கூற்று, மிதமான வேகத்தில் செல்லும் பெட்ரோல் காருக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும்.

1975 டிசம்பரில் அதிபர் ஃபோர்டு ஒப்பமிட்ட ஆற்றல் கொள்கை மற்றும் சேமிப்புச் சட்டம் இவ்விரண்டு எண்களையும் சட்டத்தின் கருவிகளாக்கியது. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் பயணிகள் கார்களின் சராசரி 1978இல் கேலனுக்கு 18 மைலாகவும் 1985இல் 27.5 மைலாகவும், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 7.7, 11.7 கிலோமீட்டராக, உயர வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. நகர ஓட்டத்துக்கு 55, நெடுஞ்சாலைக்கு 45 என்ற விழுக்காட்டில் இரண்டையும் இணைத்தது. இந்த இணைப்பு எளிய சராசரியன்று. நகரில் லிட்டருக்கு 10, நெடுஞ்சாலையில் 15 கிலோமீட்டர் தரும் கார் 100 கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால், முதல் 55 கிலோமீட்டருக்கு 5.5 லிட்டரும் எஞ்சிய 45க்கு 3 லிட்டரும் செலவாகி, மொத்தம் 8.5 லிட்டரில் 11.76 கிலோமீட்டர் என்பதே சரியான விடை. எண்களை நேராகச் சராசரி எடுத்தால் 12.25 என்ற பொய்யான கூடுதல் கிடைக்கும்.

சீட்டில் கண்ட எண் சாலையில் கிடைக்கவில்லை என்ற முறையீடு விரைவிலேயே எழுந்தது. சாலையில் எதிர்க்காற்று உண்டு, மேடுபள்ளம் உண்டு, குளிர்காலம் உண்டு, அவசரம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் இவை எவையும் இல்லை. 1985 மாதிரி ஆண்டிலிருந்து முகமை செய்த திருத்தம் மிக எளிமையானது: சோதனையை மாற்றாமல், நகர எண்ணில் 10 விழுக்காட்டையும் நெடுஞ்சாலை எண்ணில் 22 விழுக்காட்டையும் கழித்து அச்சிட்டது. நெடுஞ்சாலை எண்ணில் இருமடங்குக்கும் மேலாகக் கழிக்க நேர்ந்ததே, தட்டுப்பாட்டுக் கால வேகத்தில் வரைந்த அந்த ஓட்டம் உண்மைப் பயணத்திலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்பதற்குச் சான்று.

1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து மக்கள் உண்மையில் எப்படி ஓட்டுகிறார்கள் என்று கார்களில் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, பழைய வரைவு வெட்டியெறிந்த வேகமும் வேக ஏற்றமும் சாலையில் நாள்தோறும் நிகழ்வது உறுதிப்பட்டது. அதன் விளைவாக, மணிக்கு 129 கிலோமீட்டர் வரை ஏறும் கடும் ஓட்டமும், 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குளிர்சாதனத்தை இயக்கிச் செய்யும் ஓட்டமும் நச்சுச் சோதனையில் சேர்ந்தன. உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 7 டிகிரியில் செய்யும் குளிர்ச் சோதனையையும் சேர்த்து, 2008 மாதிரி ஆண்டு முதல் மைலேஜ் எண்களும் ஐந்து சுழற்சிகளிலிருந்து கணக்கிடப்பட்டன. நகர எண்கள் சராசரியாக 12 விழுக்காடும் நெடுஞ்சாலை எண்கள் 8 விழுக்காடும் இறங்கின. கலப்பினக் கார்கள் பெரும் அடி வாங்கின: நகரில் 60 மைல், நெடுஞ்சாலையில் 51 மைல் என்று பெயர் பெற்றிருந்த டொயோட்டா பிரியஸ், எந்திரத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே 48, 45 என்ற எண்களுக்கு வந்தது. மக்களுக்கு நேர்மையாகச் செய்யப்பட்ட முதல் பெரும் திருத்தம் என்று இதனைக் கருதலாம்.

சோதனை எவ்வளவு நுணுக்கமானதாயினும் உருளையில் ஏற்றும் சுமை பிழையானால் எண்ணும் பிழையாகும். காரைச் சமதளப் பாதையில் வேகமெடுக்கச் செய்து, கியரிலிருந்து விடுவித்து, தானே வேகம் தணிய எடுக்கும் நேரத்தைக்கொண்டு இந்தச் சுமை கணிக்கப்படுகிறது. பெரும்பாலும் இதனைத் தயாரிப்பாளரே செய்ய, மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் உள்ள முகமையின் ஆய்வுக்கூடம் ஒரு பகுதியை மட்டும் மறுபடி சோதிக்கிறது. 2012 நவம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்களின் பல மாதிரிகளுக்குச் சீட்டில் அச்சிடப்பட்ட எண்கள் கூடுதலானவை என்று முகமை அறிவித்துக் குறைக்கச் செய்ததன் பின்னணியில் இச்சுமைக் கணிப்பே இருந்தது.

பிற நாடுகளும் தத்தம் சாலைகளையே அளவுகோலாக்கின. ஐரோப்பாவின் பழைய நகரச் சுழற்சி மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. 1990களில் அதனோடு 120 கிலோமீட்டர் வரை செல்லும் புறநகர்ப் பகுதி இணைந்தது. இந்தியாவில் 1980களில் வகுத்த 108 நொடிச் சுழற்சியின் உச்ச வேகம் 42 கிலோமீட்டர் மட்டுமே; பின்னர் வந்த திருத்திய இந்தியச் சுழற்சி, ஐரோப்பிய வரைவையே தழுவி, அதன் உச்சத்தை 90 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டது. சான்றளித்த மைலேஜ் என்று இந்திய விளம்பரங்களில் காணும் ஒற்றை எண்ணுக்குள் நகரமும் நெடுஞ்சாலையும் கலந்துவிடுவதால், சென்னை நெரிசலில் ஓட்டுபவருக்கும் திருச்சி நாற்கரச் சாலையில் ஓட்டுபவருக்கும் ஒரே எண்தான் சொல்லப்படுகிறது. அமெரிக்கச் சீட்டின் இரட்டை எண், குறைகள் இருந்தும், இவ்வகையில் மேலானது.

எண்ணை எழுதும் முறையிலும் ஒரு மயக்கம் இருந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக்கும் ஜாக் சோலும் 2008இல் சயின்ஸ் இதழில் காட்டியபடி, கேலனுக்கு இத்தனை மைல் என்ற முறை சேமிப்பைத் தவறாக உணரவைக்கிறது: லிட்டருக்கு 5இலிருந்து 6 கிலோமீட்டருக்கு உயரும் வண்டி 100 கிலோமீட்டரில் 3.3 லிட்டர் மிச்சப்படுத்த, 15இலிருந்து 20க்கு உயரும் வண்டி 1.7 லிட்டரையே மிச்சப்படுத்துகிறது. 2013 மாதிரி ஆண்டுக்கான புதிய சீட்டில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்ற அளவும் இடம்பெற்றது. பிரேக்கின் ஆற்றலை மின்கலத்துக்குத் திருப்பும் கலப்பினக் கார்களிலும், காற்றுவாய் இழப்பே இல்லாத மின்சாரக் கார்களிலும் நகர எண் நெடுஞ்சாலை எண்ணை முந்தத் தொடங்கி, பழைய வரிசையே தலைகீழாயிற்று. முகமையின் ஆண்டறிக்கை இப்போது உண்மைப் பயணத்தில் நகரத்துக்கு 43, நெடுஞ்சாலைக்கு 57 விழுக்காடு என்றே கணக்கிடுகிறது.

ஆயினும் சீட்டைத் திருத்திய கை சட்டத்தைத் திருத்தவில்லை. பயணிகள் கார்களின் நிறுவனச் சராசரியை 1975 மாதிரி ஆண்டில் வழங்கிய முறைப்படியோ, அதற்கு ஒப்பான விடை தரும் முறைப்படியோதான் அளக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டதால், ஒரே காருக்கு வாங்குபவர் பார்க்கும் எண் ஒன்றாகவும் அரசு, நிறுவனத்தின் கணக்கில் சேர்க்கும் எண் அதைவிடப் பெரிதாகவும் இருந்துவருகின்றன. இரண்டாவது எண்ணில், வேலைக்குப் போகும் லாஸ் ஏஞ்சலஸ்வாசி இன்னமும் 12 கிலோமீட்டர் ஓட்டுகிறார்; நெடுஞ்சாலையில் எவரும் மணிக்கு 96.4 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை.